பதினொரு துண்டுகள்

குழந்தையின் வயிற்றோட்டத்திற்குச் சாகாமத்தில் சொல்லப்படும் காரணங்கள் பல. பல் முளைக்கிறது என்பார்கள், கண்ணூறு என்பார்கள், தாய் உண்ட பண்டத்தின்மீது பழி போடுவோரும் உளர். வயல் வேலைக்குப் போய்வரும் ஒரு தாய் என்னிடம் கேட்டாள்: "புள்ளைக்கு மூணு தரம் வந்திட்டு சேர். வந்த வருத்தமே திரும்பவும் வருமா?" எங்கள் பாடநூல்களின் பயிற்சி வினாக்கள் பலவற்றிலும் கூரிய கேள்வி அது.

1973இல் மெல்பேண் நகரில் ரூத் பிஷப்பும் அவருடைய தோழர்களும், வயிற்றோட்டங் கண்ட குழந்தைகளின் குடற்சவ்வில் ஒரு கிருமியைக் கண்டார்கள். சக்கரம் போன்றிருந்த அதற்குப் பின்னர், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ரோட்டா வைரஸ் என்று பெயராயிற்று. அதன் மரபுப்பொருள் ஒரே இழையன்று; பதினொரு தனித்தனித் துண்டுகள். இருவகைக் கிருமிகள் ஒரே குடற்கலத்துள் புகுந்தால், துண்டுகள் இடம் மாறிப் புதியதொரு வகை பிறக்கக்கூடும். ஆகவே மூன்று முறையும் ரோட்டா வைரஸே வந்திருந்தாலும், மூன்றும் ஒரே வகையாய் இருக்க வேண்டுமென்பதில்லை.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர், அந்நகரச் சேரிகளிற் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்து, 2011இல் தம் முடிவை வெளியிட்டனர். பாதிக்கு மேற்பட்டோரை ஆறு மாதத்திற்குள்ளேயே கிருமி தொற்றியிருந்தது. மெக்சிக்கோக் குழந்தைகளைப் பற்றி 1996இல் வெளிவந்த ஆய்வில், இரு தொற்றுக்குப் பின் எவருக்கும் கடும் நோய் வரவில்லை. வேலூரிலோ மூன்று தொற்றுக்குப் பின்னரும் பாதுகாப்பு 79 வீதமே! கிருமியின் வகைப்பெருக்கம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடவும் இயலாது. ஒரு வகை தொற்றினால் அதே வகை மீண்டும் வராது என்பதற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை. ஓயாமல் கிருமியை எதிர்ப்படும் வாழ்விடத்தை மறந்துவிட்டு வெறும் வகைகளை எண்ணிக்கொண்டிருப்பதிற் பயனில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்குழந்தைகளிடம் கண்ட வகைகளுள் ஒன்று, மாட்டுக் கிருமியின் கூறுகளைத் தாங்கியது. மாட்டுப்பட்டியும் குடிசையும் அருகருகே இருக்கும் எங்கள் வளவுகளை நினைத்துக்கொண்டேன்.

மாட்டுக் கிருமியின் ஒரு துண்டு கலந்த வேறொரு வகை, 1980களின் நடுவில் டில்லியிற் பிறந்த சிசுக்களிடம் அகப்பட்டது. அவர்களுக்கோ வயிற்றோட்டமே இல்லை! அதிலிருந்துதான் ‘ரோட்டாவாக்’ என்ற சொட்டு மருந்து பிறந்தது. ஒரு வேளை மருந்து ஒரு டொலர் என 2013இல் விலை கூறினார்கள். 2016இல் இந்திய அரசு அதைப் பொதுத் தடுப்பு மருந்துத் திட்டத்திற் சேர்க்கத் தொடங்கியது. முதலாண்டில் அது கடும் நோயைத் தடுத்த அளவு ஏறத்தாழ 56 வீதம். எஞ்சிய பிள்ளைகளுக்கு ஜீவனிக் கரைசலை வேளைக்கு வேளை பருக்க வேண்டும். கண் குழி விழுந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டோட வேண்டும். கூலிக்குப் போகும் தாய் அதற்காக ஒரு நாட் சம்பளத்தை இழக்கிறாள்.