பதினொன்றரை மணித் தபால்

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படிக்கவும்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பெயர் வேண்டாம். பெங்களூரில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். கம்பெனியில் ஆள் குறைத்தபோது இவனையும் அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதமாக அப்பா அம்மா வீட்டில் இருந்துகொண்டு வேலை தேடுகிறான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"நேத்து சாயங்காலம் நல்ல மழை சார். மாடியில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. உடனே, வேலை இல்லாதவனுக்கு இது ஒரு கேடான்னு தோணிட்டு. கீழ இறங்கிப் போயி லேப்டாப்பத் தெறந்துட்டேன்."

அம்மா வார்த்துப் போடும் மூன்றாவது தோசையையும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறானாம். பசியோடு எழுந்துவிடுகிறான்.

அவன் போன பிறகு அன்று முழுவதும் எனக்கு என் அப்பா ஞாபகம்தான்.

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி என்பதும், அப்பா அங்கே தபால்காரர் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். வகுப்பில் சொல்லாத ஒன்று உண்டு. 1982 மே மாதம் பி.எட். முடித்து ஊருக்கு வந்தவன், 1984 செப்டம்பர் வரை வீட்டில் இருந்தேன். இரண்டு வருடம், நாலு மாதம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அப்போதெல்லாம் திருநெல்வேலிக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வரவேண்டும். ஒரு அட்டை தருவார்கள். பிறகு சீனியாரிட்டிதான். நம் முறை வரும்வரை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மறக்காமல் புதுப்பித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வேலை உத்தரவு தபாலில் வரும். எனக்கு வந்தால் அப்பாவின் பையில்தான் வரவேண்டும்.

எங்கள் தெரு அவருடைய சுற்றில் கடைசி. காலையில் தபால் ஆபீசில் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டு கிளம்பினார் என்றால் எங்கள் தெருவுக்குள் சைக்கிள் நுழைய பதினொன்றரை ஆகும். ஊரில் என்னைப் போல் காத்திருந்த பையன்கள் நாலைந்து பேர் அவரைத் தெருமுனையிலேயே மறித்து, "அண்ணாச்சி, நமக்கு ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள். நான் கேட்டதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். தபால் இல்லையென்றால் மணி அடிக்காமல், தலையைத் திருப்பாமல் போய்விடுவார். அடுத்த வீட்டுக்குக் கடிதம் இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நேரே ஆபீசுக்குப் போய் மணியார்டர் கணக்கை ஒப்படைப்பார். அவர் பெற்ற பிள்ளையைத் தாண்டித்தான் போகிறார் என்று பார்த்தவர்கள் சொல்ல முடியாது.

காலையில் எழுந்ததிலிருந்து பதினொன்றரை வரை வயிற்றில் ஒரு கல் கிடக்கும். சைக்கிள் தாண்டிப் போன மறு நிமிடம் அது இறங்கிவிடும். ஏமாற்றம் இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதியும் இருக்கும். இனி நாளை பதினொன்றரை வரை எந்தச் செய்தியும் வர வழியில்லை! மிச்ச நாள் எனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை தபாலே கிடையாது, அன்று காலையிலிருந்தே ராஜா.

அந்த மிச்ச நாளில் என்ன செய்தேன்? பெரிதாக ஒன்றும் இல்லை. "தம்பி சும்மாதான் இருக்கானோ?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். சித்தர்களுக்கு அந்த 'சும்மா' பெருமை. பி.எட். படித்தவனுக்கு வசவு.

எங்கள் அம்மா அப்பளம் இடுவாள். கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம்தானே. அம்மாவைப் போலப் பலர் வீட்டில் வைத்தே கூலிக்கு இட்டுக் கொடுத்தார்கள். உளுந்து மாவில் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்து, இடித்து, எண்ணெய் தொட்டு நீளமாக உருட்டி, துண்டு துண்டாக நறுக்கி வைப்பாள். அந்தத் துண்டை அப்படியே பச்சையாக நல்லெண்ணெயில் புரட்டி வாயில் போட்டுக்கொள்வதைப் போல ஒரு ருசி வேறு எதிலும் இல்லை. வயிற்றுக்கு ஆகாது என்று அம்மா சொல்வாள். சொல்லிக்கொண்டே ஒன்றை என் பக்கம் தள்ளுவாள். கூலி மாவு, கணக்கு வரவேண்டும். அதனால் தன் கணக்கில் ஒரு அப்பளத்தை மெல்லிசாக இட்டுச் சரிக்கட்டுவாள் என்று நினைக்கிறேன். காய வைத்த அப்பளத்துக்குக் காக்கை விரட்டுவது என் உத்தியோகம். மடியில் ஒரு புத்தகம், கையில் ஒரு குச்சி. நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவல்களில் பாதியை நான் அப்பள நிழலில்தான் படித்தேன்.

சாயங்காலம் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் கணக்குச் சொல்லித்தரச் சொல்லித் திண்ணைக்கு வருவார்கள். சிலர் வீட்டில் மாதம் பிறந்தால் ஐந்து ரூபாய் வரும். சிலர் வீட்டிலிருந்து வாழைக்காய் வரும். ஒரு பயலுக்குப் பின்னம் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு நாள் உடைந்த அப்பளத்தை எடுத்து வைத்து அரை, கால், அரைக்கால் என்று ஒடித்துக் காட்டினேன். கண் விரிந்தது அவனுக்கு. என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவர்களே, உங்கள் 'அப்பளக் கணக்கு' பிறந்த இடம் அந்தத் திண்ணைதான். பி.எட். கல்லூரியில் யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

ஆற்றைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். மத்தியானச் சாப்பாடு ஆகி, வெயில் தாழ்ந்த பிறகு தாமிரபரணி. சாரல் காலத்தில் மேற்கே பொதிகை மலை கண்ணுக்குத் தெரியாது, மேகம்தான் தெரியும். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அக்கரையில் அம்பாசமுத்திரத்துப் பக்கம் விளக்கு எரியத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காசு கேட்காத சுகம். கரையேறித் துண்டைப் பிழியும்போது பிடித்துக்கொள்ளும், அந்தப் பையன் சொன்ன அதே எண்ணம். இருபத்துமூன்று வயசு. அப்பா சைக்கிள் மிதிக்கிறார். அம்மாவுக்கு இடுப்பு வலி. உனக்கு ஆற்றில் என்ன ஆட்டம்? அதனால் வீட்டுக்குள் நுழையும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நுழைவேன். சந்தோஷமாக இருந்தது தெரிந்தால் திட்டுவார்கள் என்று இல்லை. தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

1983 ஜூன் 25. உலகக் கோப்பை இறுதியாட்டம். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு டிரான்சிஸ்டரைச் சுற்றி இருபது பேர். நாம் எடுத்ததே 183 என்றதும் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் போகவில்லை, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே. ஜெயித்தபோது நள்ளிரவை ஒட்டி ஆகிவிட்டது. தெருவில் குதித்தோம். கத்தினோம். வீடு நெருங்க நெருங்க எனக்கு நடை தளர்ந்தது. அப்பா திண்ணையில் படுத்திருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி ஏறினேன்.

"எத்தனை ரன்னுல?"

"நாப்பத்துமூணுப்பா."

"கதவச் சாத்திட்டுப் படு."

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. ஆனால் தூங்காமல்தான் கிடந்திருக்கிறார்.

அந்த இரண்டு வருடத்தில் கஷ்டமே இல்லையா என்றால், இருந்தது. 1983 கடைசியில் நிர்வாகப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார் இடம் காலி என்று கூப்பிட்டார்கள். பேசிப் பார்த்ததில் நன்கொடை என்று ஒரு தொகை வந்து நின்றது. அம்மா அன்று ராத்திரியே கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அப்பா முன்னால் வைத்துவிட்டாள். அப்பா அதைத் தொடவில்லை.

"கடுதாசி கொண்டு குடுக்கதுக்கு நான் எவன்ட்டயும் அஞ்சு பைசா வாங்குனதில்ல. பாடஞ் சொல்லிக் குடுக்கதுக்கு நாம ஏன் குடுக்கணும்? மாட்டிக்கோ."

அந்த இடத்தில் என்னோடு படித்த ஒருவன் சேர்ந்தான். அவன் காலையில் எங்கள் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவான், கையில் சாப்பாட்டு டப்பாவோடு. ஒரு மாதம் நான் அந்த நேரத்தில் திண்ணைக்கே வரவில்லை. அப்பாமேல் கோபமும் இருந்தது, இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது. அவர் கொள்கைக்கு நான் காக்கை விரட்ட வேண்டுமா என்று நினைத்திருக்கிறேன்.

1984 செப்டம்பரில் ஒரு நாள் பதினொன்றரைக்கு மணி அடித்தது.

அப்பா சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். காக்கிச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். படியேறவில்லை. தெருவில் நின்றபடி என் பெயரை இனிஷியலோடு, பி.எஸ்ஸி., பி.எட். என்ற பட்டத்தோடு உரக்க வாசித்து, "ரிஜிஸ்டர் தபால்" என்றார். நான் எழுந்து போனேன். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார். என் கை நடுங்கியது. "நெதானமாப் போடு, கோட்டுக்குள்ள" என்றார். சீட்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தபோது அம்மா பிடித்துக்கொண்டாள். "காலைலயே தெரிஞ்சிருக்கும்லா? ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போனா என்ன?"

"நம்ம வீடு கடைசியிலதான வருது" என்றார் அப்பா.

சாயங்காலம் கீழத்தெருக்காரர் ஒருவர் ஒரு இன்லண்ட் கடிதத்தோடு வந்தார். மேலத்தெருவுக்குப் போகவேண்டிய கடிதத்தை அவர் வீட்டில் கொடுத்திருக்கிறார் அப்பா. "அண்ணாச்சிக்கு இன்னைக்கு என்னமோ ஆயிட்டு" என்று சிரித்தார். நான் அறிந்து அப்பா வீடு மாற்றித் தபால் கொடுத்தது அந்த ஒரு நாள்தான்.

தர்மபுரி மாவட்டத்தில், அரூருக்கும் அப்பால் வேலை. டிரங்குப் பெட்டியோடு போனவன், பிறகு லீவுக்கு வந்து போனதோடு சரி. பத்து நாளைக்கு மேல் அந்த வீட்டில் தங்கவே இல்லை. 1991இல் அப்பா போய்விட்டார். தெற்கே மாற்றல் கிடைத்து நான் வந்தபோது அம்மா மட்டும்தான் இருந்தாள். ஒரு நாள் பரணிலிருந்து பழைய சாமான்களை இறக்கியபோது அப்பாவின் தூக்குச்சட்டி வந்தது. அம்மா அதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"உங்கப்பா எப்பவும் மத்தியானத்துக்குச் சோறு கொண்டுதான் போவாவ. நீ வீட்ல இருந்தியே, அந்த ரெண்டு வருசந்தான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாவ. வெயில்ல எதுக்கு அலையணும்னு கேட்டா, பய தனியா உக்காந்து சாப்பிடுதாம்பாவ. நீ போன மறுநா இத எடுத்து வையின்னுட்டாவ."

எனக்கு அது தெரியாது. மத்தியானம் அவர் வந்து பக்கத்தில் உட்காரும்போது, சரியாகச் சாப்பிடவே வெட்கப்பட்டு, சீக்கிரம் கை கழுவிவிட்டு எழுந்திருக்கிறேன். எத்தனை நாள்! உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் என்றால்கூட இன்னும் கொஞ்சம் கேட்டதில்லை.

அந்த மாணவனுக்கு நேற்று போன் செய்து இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்குப் பதினொன்றரைன்னு ஒண்ணு இருந்துச்சு சார். எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கும் மெயில் வரும்" என்றான். நியாயம்தான், இது எனக்குத் தோன்றவில்லை. அவன் சட்டைப் பைக்குள்ளேயே தபால்காரர் இருபத்துநாலு மணி நேரமும் நின்றுகொண்டிருக்கிறார். எங்கள் அப்பாவாவது தாண்டிப் போவார்.

நீயே ஒரு நேரம் வைத்துக்கொள் என்றேன். காலையில் உட்கார்ந்து விண்ணப்பம் எல்லாம் போடு. பதினொன்றரைக்கு மெயிலைப் பார். பதில் போட வேண்டியதற்குப் போடு. பிறகு மூடி வைத்துவிட்டு உன் அப்பா சாப்பிட வரும்போது நீயும் உட்கார். இன்டர்வியூ தேதி கேட்டு யாராவது அவசரமாகக் கூப்பிட்டால் போன் அடிக்கும், அதை எடுத்துக்கொள். முயற்சி பண்ணிப் பார்க்கிறேன் என்றான். வாத்தியார் சொல்லுக்கு மாணவர்கள் சொல்லும் அந்த 'பார்க்கிறேன்' எனக்குப் பழக்கமானதுதான்.

இந்தப் பதிவைப் படிக்கும் மாணவர்களில் பலர் இப்போது சென்னை, பெங்களூர், ஐதராபாத், சிங்கப்பூர் என்று நல்ல இடங்களில் இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் ஆள் எடுத்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பதினோரு வருட அனுபவம் உள்ள பையன். டெஸ்டிங், ஆட்டோமேஷன் என்று என்னவோ சொன்னான். விவரத்தை அவனிடமே எழுதி வாங்கி அனுப்பிவைக்கிறேன். கணக்கில் கெட்டி, அதற்கு நான் பொறுப்பு.