விட்டுப்போன எண்

ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை ஒன்று வருகிறது. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் இவை. 12ஐ மீதியில்லாமல் வகுப்பவை ஆறு. அதற்குக் கீழே வேறு எதற்கும் ஆறு இல்லை. அட்டவணை சுமார் ஆறே முக்கால் லட்சம் கோடி வரை போகிறது. இடையில் ஒன்றை அவர் விட்டுவிட்டார்: 293318625600.

சோமனூர்க் கிளையில் உட்கார்ந்து, ஒரு செலானின் பின்புறத்தில் இதைப் பிரித்துப் பார்த்தேன். (கம்ப்யூட்டர் வந்தபிறகு கணக்குப் போடுவது எங்கள் வேலையில்லை, கை மறக்காமலிருக்கச் செய்வதுண்டு.) 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5ம் 7ம் இரண்டிரண்டு, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. காரணிகள் 5040. அட்டவணையில் இதற்கு முன்னால் நிற்கும் 240940299600க்கு 4800; பின்னால் நிற்கும் 321253732800க்கு 5376. அந்த இரண்டிலும் 23 என்ற பகா எண் இருக்கிறது. விட்டுப்போனதில் இல்லை. பின்னால் நிற்பதிலிருந்து 23ஐ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு 3ஐயும் இன்னொரு 7ஐயும் வைத்தால் இது கிடைத்துவிடும்.

ராமானுஜனின் கை ஏன் தவறியது என்று சொல்ல நான் யார்? சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தவர் என்கிற உறவுதான் எனக்கும் அவருக்கும். (இந்த ஆராய்ச்சிக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குக் கொடுத்ததும் ஒரு பி.ஏ.தான்.) ஆனால் என் கை ஏன் தவறியது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் முன்பு இந்தப் பக்கங்களில் கொங்குப் பகுதிக் கவிஞர்களைப் பற்றி எழுதியபோது, இங்கே விசைத்தறி ஓட்டும் ஒருவரை விட்டேன். மறந்துவிட்டேன் என்றால் பொய். அவருடைய நோட்டு அப்போது என் மேஜையில்தான் இருந்தது. ஒவ்வொருவரிடமும் அதுவரை இல்லாத ஒன்றை, ஒரு 23ஐ, தேடிக்கொண்டிருந்தேன். இவரிடம் அது இல்லை. பாவு, ஊடை, மின்வெட்டு, அம்மாவின் இருமல் என்று இருந்ததற்கே திரும்பித் திரும்பிப் போனார். கூறியது கூறல் என்று மூடிவைத்தேன். அதே 3 இன்னொரு தடவை வந்து சேரும்போது, முன்பு வகுபடாத வழிகளிலும் எண் வகுபடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. புதுமையை நாம் எண்ணுகிற விதமே கொஞ்சம் சோம்பேறித்தனமானது என்று இப்போது படுகிறது.

சென்ற வாரம் பாஸ்புக் பதிய வந்தார். செலானைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உட்டுப்போனாலும் அந்த நம்பருக்கு அத்தனை பங்கும் அப்படியேதானுங்களே இருக்கும்?"

ஆமாம் என்றேன்.

"அப்பறம் என்னுங்க" என்று செலானை என்னிடமே தந்துவிட்டுக் கிளம்பினார். கட்டுரையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன்; பின்னால் வரிசை நின்றது.

நோட்டை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். இருமல் மூன்று கவிதைகளில் வருவதாக நினைத்திருந்தேன். நான்கு. நான்காவதில் அம்மா இல்லை. தறிச் சத்தத்துக்குள் இருமல் மட்டும் இருக்கிறது.