கறைப் பல்

சில ஆண்டுகளுக்கு முன், என் மகளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது, மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் விழுந்து புதியவை முளைத்தன. பக்கத்தில் இன்னும் விழாமல் நின்ற பால் பற்கள் பளிச்சென்ற வெள்ளை. புதியவையோ பழைய காகிதத்தின் நிறம். ஒரு காலையில், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், "ஒழுங்காப் பல் தேய்ச்சா இப்படியா மஞ்சளா இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மேலுதட்டைக் கீழே இழுத்துப் பற்களை மூடிக்கொண்டாள்.

அந்த அசைவை நான் நன்றாக அறிவேன். ஏழெட்டு வயதிலிருந்து என் உதடு செய்துவரும் வேலை அது.

என் ஊர் தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்துக்குப் பக்கம். எனக்கு மூத்தவளான அக்காவுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். அக்கா குழந்தையாக இருந்தபோது வீட்டுக்குக் குடிநீர் ஊர்ப் பொதுக்கிணற்றிலிருந்து வந்தது. கோடையில் வற்றிப்போகும் கிணறு அது. எழுபதுகளின் பிற்பகுதியில், நான் பிறப்பதற்குச் சற்று முன், கோயிலுக்கு எதிரே போர் போட்டு அடிபம்பு வைத்தார்கள். கோடையிலும் வற்றாத தண்ணீர், கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். பம்புக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். அக்காவின் பற்களைப் பார்த்தால் நம் கவிஞர்கள் ஏன் முல்லை அரும்பைத் தேடிப் போனார்கள் என்பது புரியும். எனக்கும் தங்கைக்கும் முளைத்த பற்களில் முதலில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெண்கோடுகள். பிறகு அவை மஞ்சளாகி, சில இடங்களில் பழுப்பேறின. ஊரில் அதற்குக் கறைப் பல் என்று பெயர்.

பள்ளியில் காலை வணக்கத்துக்குப் பிறகு நகமும் பல்லும் பார்ப்பார்கள். மஞ்சள் பல்காரர்கள் தனியாக நிற்க வேண்டும். செங்கல்லைப் பொடித்துத் தேய்த்துவிட்டு வரச் சொன்னார் ஆசிரியர். தேய்த்தேன். அடுப்புக்கரி, சாம்பல், மணல் எல்லாவற்றாலும் தேய்த்தேன். ஈறில் ரத்தம் வந்தது, நிறம் போகவில்லை. தனியாக நின்றவர்கள் வகுப்பில் பாதிப்பேர். பாதி வகுப்பு ஒரே சமயத்தில் சோம்பேறியாக இருக்குமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை என்பதுதான் இன்று உறுத்துகிறது. ஒரு பழியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது நம்முடைய குணமாகவே ஆகிவிடுகிறது.

தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள், "பொண்ணு சிரிக்கவே சிரிக்காதா?" என்று கேட்டார். தங்கை சிரித்தாள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. பிறகு வேறிடத்தில் மணமாயிற்று. அவளுடைய கல்யாணப் படங்கள் எதிலும் வாய் திறந்த படம் ஒன்றுகூட இல்லை.

இவ்வளவும் தெரிந்த நான்தான் மகளிடம் அப்படிக் கேட்டேன்.

குற்ற உணர்ச்சியோடு அவளைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பல்லு சுத்தமா இருக்கு சார். இதுதான் இதோட சொந்த நிறம்" என்றார். பிறகு விளக்கினார். பல்லின் மேலோடான எனாமல் ஏறக்குறைய நிறமற்றது, ஒளி ஊடுருவக்கூடியது. அதற்குக் கீழே இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். நாம் காண்பது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்த மஞ்சளைத்தான். பால் பல்லின் எனாமல் அவ்வளவு தெளிவானது அல்ல, பால் கலந்ததுபோல் மங்கலானது. உள்ளிருக்கும் டென்டினும் மெலிது. அதனால்தான் அந்த வெள்ளை. நிலைப்பல்லில் டென்டின் தடிமன் அதிகம். பால் பல்லுக்குப் பக்கத்தில் நிற்கும்வரை மஞ்சள் கூடுதலாகவே தெரியும்; எல்லாம் விழுந்து முளைத்தபின் வரிசை ஒரே நிறமாகிவிடும். எனாமல் எவ்வளவு தடிமன், டென்டின் எவ்வளவு மஞ்சள் என்பது தோலின் நிறத்தைப்போலப் பெற்றோரிடமிருந்தும் வருவது. அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேய்ந்து உள்மஞ்சள் இன்னும் வெளியே தெரியும் என்றார். என் செங்கல் பொடியை நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சொந்த ஊர் தருமபுரிப் பக்கமா சார்?" என்று கேட்டார். பேச்சை வைத்து ஊரைச் சொல்பவர்கள் உண்டு. பல்லை வைத்துச் சொன்னவரை அன்றுதான் கண்டேன்.

அவர் படித்தது ஃப்ளோரைடின் கையெழுத்தை. எங்கள் பக்கத்துக் கடினப் பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீரில் மிகுதியாகவே கரைந்திருக்கும். நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் போகாது. ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரக் கட்டளை. அதைத் தாண்டிய நீரைக் குடிக்கும் குழந்தையின் ஈறுக்குள், முளைக்காத பல்லின் எனாமல் உருவாகும்போதே பழுதுபடுகிறது. முன்பற்கள் உருவாவது பிறந்த சில மாதங்களிலிருந்து நான்கைந்து வயதுக்குள். பால் பற்களோ பெரும்பாலும் கருப்பையிலேயே உருவாகிவிடுபவை. அதனால் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆறு வயதுவரை வெள்ளையாகச் சிரித்ததன் காரணம் அதுதான். டெட்ராசைக்ளின் மருந்தும் இப்படித்தான். கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாயோ, எட்டு வயதுக்குள் குழந்தையோ உட்கொண்டால், உருவாகிக்கொண்டிருக்கும் பல்லுக்குள் படிந்துவிடும். பல் தேய்க்கும் குச்சியைக் கை பிடிக்கக் கற்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதையைத் தேடிப் படித்தேன். ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை. காரணம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வந்தது என்று பெற்றோர்கள் சொன்னார்கள். நீரைச் சோதித்தார், சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயினும் பெற்றோரின் சொல்லை நம்பி, அந்தக் குழாயைக் கைவிடச் சொன்னார். சில ஆண்டுகளில் ஊரின் இளைய குழந்தைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. நீரில் இருந்தது ஃப்ளோரைடு என்று 1931இல் சர்ச்சில் என்ற வேதியியலாளரின் ஆய்வகம் கண்டது.

அதைவிட என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஃப்ளோரைடு நீர் பல்லைக் கறையாக்குவதோடு நில்லாமல் எலும்பையும் முதுகையும் இறுக்கி முடமாக்குவதை, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் போர் இறங்கியது அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து. அச்சில் ஏறிய ஓர் உண்மை எங்கள் பள்ளியின் காலை வணக்கத்துக்கு வந்து சேரவே இல்லை. ஓக்லியில் ஒருவர் தண்ணீரைச் சந்தேகித்தார். எங்கள் ஊரில் பிள்ளைகளைச் சந்தேகித்தார்கள்.

2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியோடு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. காவிரி இப்போது எங்கள் தெருவுக்கும் வருகிறது; வராத நாட்களில் குடத்தில் மறுபடியும் போர் தண்ணீர். கடைசியாகப் போயிருந்தபோது சித்தப்பாவின் பேரன் வாயைத் திறந்து சிரித்தபடி ஓடி வந்தான். அவன் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருத்துவரிடமிருந்து திரும்பும் வழியில், ஆட்டோவில், மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிபம்பு, செங்கல் பொடி, தனியாக நின்ற வரிசை. கவனமாகக் கேட்டாள்.

"அப்போ உங்க சார் உங்களைச் சும்மாதான் திட்டினாராப்பா?"

"ஆமா கண்ணு."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் என்னைச் சும்மாதான் திட்டினீங்களா?"

"ஆமா" என்றேன். வேறெதுவும் சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை.