மூச்சையல்ல, முழங்காலைத்தான் பார்த்திருக்க வேண்டும்



எங்கள் பிள்ளைகள் கடற்கரைப் பிள்ளைகள், நீச்சலுக்குப் பயமில்லை. ஆனால் தடாகத்தில் சுவரை உதைத்துத் திரும்பும் இடத்தில்தான் எப்போதும் தோற்பார்கள். மற்றவர்கள் தண்ணீருக்கடியில் டொல்பின் போல நெளிந்து போய் ஓர் ஆள் நீளம் முன்னால் எழும்புவார்கள். எங்கள் பிள்ளைகளோ உடனே மேலே வந்து கையை வீசத் தொடங்கிவிடுவார்கள்.

பயிற்சி கொடுக்கும் நாங்கள் இருவரும், இது மூச்சுக் குறைபாடு என்று முடிவு கட்டினோம். அடியில் யார் கூடத் தூரம் போவது என்று போட்டி வைத்தோம். 1988 சியோல் ஒலிம்பிக்கில், மல்லாந்து நீந்தும் 100 மீற்றர் போட்டியில், டேவிட் பேர்க்கொஃப் 30 மீற்றருக்கு மேல் அடியிலேயே போனவர். அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடு வந்தது. இப்போது 15 மீற்றருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். அது தெரிந்தும் நாங்கள் பிள்ளைகளிடம் 25 மீற்றர் கேட்டோம்!

ஒரு சனிக்கிழமை ஒருவன் எழும்பும்போது உதடு நீலம். பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். எங்களைப் பார்த்தான், பதில் இல்லை. சில செக்கன்கள்தான். அல்ஹம்துலில்லாஹ், தெளிந்துவிட்டான்.

இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கச் சொன்னதும் நாங்கள்தான். அதனால் ஒட்சிசன் பெரிதாகக் கூடாது. காபனீரொட்சைட்டு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வு பிந்தும். அதற்குள் மயக்கம் வந்துவிடும். எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிப்பவர். வேறென்ன சொல்ல.

அன்று பின்னேரமே அவனுடைய வீட்டுக்குப் போனோம். வாப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீந்த வேணாமெண்டு சொல்லல்ல ஸேர். ஆனா மூச்சுப் புடிக்கிற வெளயாட்டு வேணாம்" என்றார்.

அந்தப் போட்டியை அன்றோடு நிறுத்தினோம். தொலைபேசியைத் தண்ணீர் போகாத உறையில் போட்டு, பக்கவாட்டில் படமெடுத்துப் பார்த்தோம். பிழை கண்ணுக்கு முன்னால் கிடந்தது. சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை மடக்கி மடக்கி அடிக்கிறார்கள். மடங்கும் தொடையே தண்ணீரைத் தடுக்கிறது. கீழே அடிப்பதில் மட்டும்தான் பலம். காலை மேலே கொண்டுவரும்போது சும்மா இழுக்கிறார்கள். பாதி உதை வீண்.

இப்போது மல்லாந்து படுத்து உதைக்க வைக்கிறோம். முழங்கால் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் அவர்களுக்கே பிழை விளங்கும். கை ஒன்றின் மேல் ஒன்று, காது மேற்கைகளுக்கு நடுவில், அலை நெஞ்சுக்குக் கீழே தொடங்கிப் பாதத்தில் பெரிதாகி முடிய வேண்டும். உதை சிறிதாக, விரைவாக. சுவரை உதைத்த வேகம் குறைவதற்கு முன்பே தொடங்க வேண்டும். இதைப் பழக்கத்தான் அதிக நாள் எடுத்தது. கணுக்கால் விறைப்பாக இருப்பவர்களுக்குக் கரையிலேயே குதிகாலில் உட்காரும் பயிற்சி. தொழுகையில் இருந்து பழகிய பிள்ளைகளுக்கு அது லேசு.

தூரம் கேட்பதில்லை. ஆறு உதை, எழும்பு. ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும், கரையில் எங்களில் ஒருவர் கண் எடுக்காமல்.

அந்தப் பிள்ளை போன கிழமை ஆறு உதையில் எட்டு மீற்றர் போனான். எழும்பியதும் முதலில் எங்களைத்தான் பார்த்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். "ஓம் ஸேர்" என்றான்.