பிழை ஏடு

நுழையும்முன்

பிறமொழி ஒன்றைக் கற்பவர் எவரும் பிழை செய்யாமல் கற்றதில்லை. பிழையை மறைப்பவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்; அதன் காரணத்தைத் தேடுபவர் அடுத்த படியில் கால் வைக்கிறார். ஆங்கிலப் பாடத்தைக் கண்டு அஞ்சிய ஒரு மாணவி, தன் பிழைகளையே பாடமாக்கிக்கொண்ட வரலாறு இது.

காலாண்டுத் தேர்வின் ஆங்கில விடைத்தாள் கைக்கு வந்தபோது, அந்த மாணவி அதை நான்காக மடித்துப் புத்தகப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள். 90 மதிப்பெண்ணுக்கு 27. தமிழ்த் தாளில் 81 பெற்றவள் அவள். கணக்கிலும் அறிவியலிலும் வகுப்பில் முன்வரிசையில் இருப்பவள். ஆங்கிலம் ஒன்றுதான் அவளைப் பின்னுக்கு இழுத்தது.

அவள் வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் எவரும் இலர். தந்தை அறுவடைக் காலத்தில் கதிரறுக்கும் இயந்திரத்துடன் ஊர் ஊராகச் செல்பவர். தாய் நூறுநாள் வேலைக்குச் செல்பவர். பாட்டி கையெழுத்திடவும் அறியாதவர். பள்ளியில் ஆங்கிலப் பாடவேளை முடிந்தால், மறுநாள் அந்தப் பாடவேளை வரும்வரை அவள் காதில் அம்மொழி விழ வழியில்லை.

மதிப்பெண் குறைந்ததைவிட அவளை வருத்தியது வேறொன்று. எங்கே தவறினோம் என்பதே அவளுக்குப் புலப்படவில்லை. சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட வாக்கியங்களைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவை அவளுக்குச் சரியாகவே தோன்றின.

பழைய தடை

இந்த மனத்துயர் புதிதன்று. 1835ஆம் ஆண்டு மெக்காலே தம் கல்விக் குறிப்பை எழுதிய பின்னர், இந்தியாவின் உயர்கல்விக்கு ஆங்கிலமே வாயிலாயிற்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பிறகு, கல்லூரிக்குள் நுழைய விரும்பிய தமிழ் மாணவர் ஆங்கிலத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. நெஸ்ஃபீல்டின் இலக்கண நூலும், 1930களில் ரென், மார்ட்டின் இருவரும் இணைந்து எழுதிய இலக்கண நூலும் தலைமுறை தலைமுறையாக மாணவர் கைகளில் இருந்தன.

கணித மேதை இராமானுசனையும் இத்தடை விட்டுவைக்கவில்லை. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதத்திலேயே முழுதும் மூழ்கியிருந்தமையால் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறாமல் அவ்வுதவித்தொகையை இழந்தார். அதே இராமானுசன் 1913 சனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். அந்த மடல் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. ஒரு வாயிலை அடைத்த மொழியே மற்றொரு வாயிலைத் திறந்தது.

ஆங்கிலத் தேர்வு ஒருவருடைய அறிவின் முழு அளவுகோல் அன்று என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. ஆயினும், அறிவு தொலைவில் உள்ளோரைச் சென்றடைய ஒரு பாலம் தேவைப்படுகிறது என்பதற்கும் அவர் வாழ்க்கையே சான்று.

தமிழ் செய்த பிழைகள்

மறுநாள் உணவு இடைவேளையில் ஆங்கில ஆசிரியை அம்மாணவியை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டார். மடிப்புக் கலையாத விடைத்தாளை விரித்து, முதலிலிருந்து படித்தார்.

“இவற்றில் பாதி, தமிழ் நன்றாக வந்த பிள்ளை செய்கிற பிழைகள் அம்மா. நீ தமிழில் நினைக்கிறாய். சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் மாற்றுகிறாய். பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். அதைத் திருத்தலாம்.”

அன்று அவர் எடுத்துக்காட்டியவை நான்கு. முதலாவது காலம் பற்றியது. ‘ஆறு ஆண்டுகளாக இப்பள்ளியில் படிக்கிறேன்’ என்பது பிழையற்ற தமிழ். படிப்பு இன்னும் தொடர்வதால் தமிழ் அதை நிகழ்காலத்தில் சொல்கிறது. அதை அப்படியே பெயர்த்து அவள் ‘ஐ ஆம் ஸ்டடியிங்’ என்று எழுதியிருந்தாள். ஆங்கிலமோ, முன்னரே தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்கெனத் தனி வடிவம் வைத்திருக்கிறது. ‘ஐ ஹாவ் பீன் ஸ்டடியிங்’ என்பதே அங்கு பொருந்தும்.

இரண்டாவது எழுவாய் பற்றியது. தமிழில் ‘சென்றேன்’ என்றாலே போதும். ‘ஏன்’ என்னும் விகுதி சென்றவர் தாமே என்பதைச் சொல்லிவிடும். ‘சென்றாள்’ என்றால் திணை, பால், எண், இடம் ஆகிய நான்கும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கும். ஆங்கில வினைக்கு அந்த வளம் இல்லை. ‘வென்ட்’ என்னும் சொல் சென்றவர் யார் எனச் சொல்லாது. ஆகவே அங்கு எழுவாயைத் தோன்றா எழுவாயாக விட இயலாது. படர்க்கை ஒருமையின் நிகழ்காலத்தில் மட்டும் ஆங்கில வினை ஓர் ‘எஸ்’ எழுத்தை ஏற்கிறது. அந்த ஓரெழுத்தையும் மறந்தால் மதிப்பெண் போகிறது.

மூன்றாவது வேற்றுமை பற்றியது. தமிழில் பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் ஒரு சிறுசொல் தனித்து நிற்கிறது. ‘தேர்வைப் பற்றி விவாதித்தோம்’ என எண்ணிய அவள் ‘டிஸ்கஸ்ட் அபௌட்’ என்று எழுதியிருந்தாள். ‘டிஸ்கஸ்’ என்னும் வினைக்குள்ளேயே ‘பற்றி’ என்பது அடங்கியிருப்பதால் ‘அபௌட்’ அங்கு மிகை. மாறாக, ‘பாட்டைக் கேட்டாள்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘லிசன்ட்’ என்பதற்குப் பின் ‘டு’ கட்டாயம் வேண்டும். எந்த வினை எச்சொல்லை ஏற்கும் என்பதைப் பழக்கத்தால்தான் அறிய முடியும்.

நான்காவது, விடை சொல்லும் முறை. ‘நீ சாப்பிடவில்லையா?’ என்று தமிழில் கேட்டால், சாப்பிடாதவர் ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்பார். கேட்டவரின் கூற்று உண்மை என ஒப்புக்கொள்வது தமிழ் வழக்கு. ஆங்கிலத்தில் அவர் ‘நோ’ என்றே தொடங்க வேண்டும். அங்கு விடை, வினாவை நோக்கியதன்று. நடந்த செயலை நோக்கியது.

இடையூறு செய்த தமிழே துணையும் செய்யும் என்பதையும் ஆசிரியை காட்டினார். ‘ஓர் ஊர்’, ‘ஒரு மரம்’ என்று உயிருக்கும் மெய்க்கும் வேறுபாடு அறிந்த மாணவிக்கு ‘ஆன்’, ‘எ’ ஆகியவற்றின் வேறுபாடு விளங்காதா? இங்கு நோக்க வேண்டியது எழுத்தை அன்று, ஒலியை. ‘யூனிவர்சிட்டி’ ஆங்கிலத்தில் உயிரெழுத்தால் எழுதப்பட்டாலும் யகர ஒலியில் தொடங்குவதால் ‘எ யூனிவர்சிட்டி’ ஆகிறது. ‘ஹானஸ்ட்’ எழுதப்படுவது மெய்யெழுத்தில் தொடங்கினாலும், அம்மெய் ஒலிக்காமல் ‘ஆனஸ்ட்’ என உச்சரிக்கப்படுவதால் ‘ஆன்’ பெறுகிறது.

மூன்று பத்திகள்

அன்று மாலை அவள் ஒரு பழைய ஏட்டின் எஞ்சிய தாள்களில் கோடு கிழித்து மூன்று பத்திகள் அமைத்தாள். முதற் பத்தியில் தான் எழுதிய வாக்கியம். இரண்டாவதில் திருத்திய வாக்கியம். மூன்றாவதில் பிழைக்கான காரணம். ஏட்டின் முகப்பில் ‘பிழை ஏடு’ என எழுதினாள்.

முதலிரு பத்திகளை நிரப்புவது எளிது. மூன்றாவதுதான் அவளை உழைக்க வைத்தது. சரியான விடையை மட்டும் பார்த்து எழுதினால், அவ்வொரு வினாவுக்கு மட்டுமே விடை கிடைக்கும். காரணத்தை எழுதினால், அதே வகையான மற்ற வினாக்களுக்கும் அது உதவும். காரணம் தெரியாத பிழைகளின் எதிரில் மூன்றாம் பத்தியை வெறுமையாக விட்டு, மறுநாள் ஆசிரியையிடம் கேட்டு நிரப்பினாள்.

வகுப்புத் தோழியர் சிலர் வேறு வழியை நாடினர். செயப்பாட்டுவினைக்கு ஒரு வாய்பாடு, அயற்கூற்றுக்கு ஒரு வாய்பாடு, கட்டுரைக்கு மனப்பாடம் செய்த இரண்டு பக்கங்கள். வாய்பாடு பயனற்றதன்று, விரைவாக நினைவூட்டும். ஆனால் ‘கதவு பூட்டப்பட்டது’ என்று ஒருவர் ஏன் சொல்கிறார் என்பதை அது சொல்லாது. பூட்டியவர் யாரெனத் தெரியாதபோதும், சொல்லத் தேவையில்லாதபோதும் மொழி செயப்பாட்டுவினையை நாடுகிறது. ‘ஆல்’ உருபும் ‘படு’ என்னும் துணைவினையும் தமிழில் செய்யும் பணியை ‘பை’ என்னும் சொல்லும் ‘பி’ வினையின் வடிவங்களும் ஆங்கிலத்தில் செய்கின்றன. இதை உணர்ந்தபின் அவளுக்கு வாய்பாடு தானாகவே நினைவில் நின்றது.

மனப்பாடக் கட்டுரையின் இடர் அடுத்த மாதத் தேர்விலேயே வெளிப்பட்டது. நூலகத்தின் பயன் பற்றி எழுதச் சொல்லாமல், தம் ஊருக்கு நூலகம் வேண்டி அலுவலருக்கு மடல் எழுதச் சொன்னார்கள். மனப்பாடம் செய்தோர் பலர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். அவள் ஏழு சிறிய வாக்கியங்கள் எழுதினாள். அவற்றில் இரண்டு பிழையாக இருந்தன. ஆனால் ஏழும் அவளுடையவை.

வினையைத் தேடுதல்

வாசிப்பு வேறொரு பயிற்சியை வேண்டியது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் வரும். படிப்பவர் அதுவரை காத்திருப்பார். ஆங்கில வாக்கியத்தில் எழுவாயை அடுத்தே வினை வந்துவிடும்; விளக்கங்கள் பின்னால் தொடரும். மேலும், தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்க, ஆங்கிலத்தில் அந்தப் பொருள் பெயருக்குப் பின்னால் ஒரு தனித் தொடராக நீள்கிறது. ‘எனக்கு நூலை விற்ற சிறுவன் கோயிலருகே வசிக்கிறான்’ என்பது ஆங்கிலத்தில் ‘தி பாய் ஹூ ஸோல்ட் மீ தி புக் லிவ்ஸ் நியர் தி டெம்பிள்’ என்றாகும். அதில் வினைகள் இரண்டு உள்ளன. ‘ஹூ’ முதல் ‘புக்’ வரையுள்ள தொடரைப் பென்சிலால் அடைப்புக்குள் இட்டதும், ‘சிறுவன் வசிக்கிறான்’ என்னும் முதன்மை வாக்கியம் தனியே துலங்கியது.

நாள்தோறும் பள்ளி நூலகத்தில் ஆங்கில நாளிதழின் ஒரு செய்தியை இம்முறையில் படித்தாள். முதன்முறை தெரியாத சொற்களில் நிற்காமல் இறுதிவரை சென்றாள். இரண்டாம் முறை வினைகளைத் தேடினாள். மூன்றாம் முறை, ‘இட்’, ‘தே’, ‘திஸ்’ போன்ற சுட்டுகள் யாரை அல்லது எதைக் குறிக்கின்றன என அம்புக்குறி இட்டாள். தெரியாத சொல்லின் முன்னொட்டையும் சுற்றியுள்ள சொற்களையும் கொண்டு பொருளை ஊகித்த பிறகே அகராதியைத் திறந்தாள். பத்தியில் உள்ளது எது, தான் ஊகித்தது எது எனப் பிரித்தறிவதுதான் எல்லாவற்றினும் கடினமாக இருந்தது. பத்தி சொல்லாத ஒன்றைத் தன் அறிவிலிருந்து எழுதி அவள் இழந்த மதிப்பெண்கள் பல.

ஒரு சிறு சொல்

அரையாண்டுத் தேர்வுக்குச் சில நாள்களே இருந்தன. உயர் இரத்த அழுத்தத்திற்காக மருத்துவமனையில் ஒருவாரம் தங்கிய பாட்டி வீடு திரும்பியிருந்தார். மருத்துவமனையில் தந்த அச்சிட்ட தாளைத் தந்தை தெருமுனைக் கடைக்காரரிடம் காட்டினார். அவர் ‘கன்டினியூ’ என்னும் சொல்லைக் கண்டு, “மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள்” என்றார். அதன்படியே பாட்டி நாள்தோறும் மாத்திரையை உட்கொண்டு வந்தார்.

ஒரு மாலையில் அத்தாள் மாணவியின் கண்ணில் பட்டது. பழக்கத்தால் வினையைத் தேடினாள். ‘கன்டினியூ’ என்றுதான் இருந்தது. ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. ‘அன்லெஸ்’ என்னும் சொல்லுடன் தொடர்ந்தது. இரண்டு நாள்களுக்கு முன்னர்தான் ‘இஃப் நாட்’ வரும் பத்து வாக்கியங்களை ‘அன்லெஸ்’ கொண்டு மாற்றி எழுதியிருந்தாள். பாதத்தில் வீக்கம் இல்லாதவரை மாத்திரையைத் தொடரலாம் என்பதே அவ்வாக்கியத்தின் பொருள்.

அவள் பாட்டியின் காலருகே அமர்ந்து சேலையைச் சற்று விலக்கிப் பார்த்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்திய இடத்தில் குழி விழுந்து நின்றது.

“நடந்து வந்த அலுப்பு, கண்ணு” என்றார் பாட்டி.

“இல்லை ஆத்தா. இதைப் பற்றி இந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறார்கள்.”

மாத்திரையை நிறுத்துமாறு அவள் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர் என்பதை அறிந்திருந்தாள். வாக்கியத்தின் பொருளைத் தந்தைக்கு எடுத்துரைத்தாள். மறுநாள் முதற் பேருந்திலேயே அவர் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் பாதத்தைப் பார்த்து அந்த மாத்திரையை மாற்றித் தந்தார். சில நாள்களில் வீக்கம் வடிந்தது.

அரையாண்டுத் தேர்வில் அவள் 90க்கு 52 பெற்றாள். விடைத்தாளில் சிவப்புச் சுழிகள் அப்போதும் இருந்தன. ஆயினும் இம்முறை அவள் தாளை மடித்து ஒளிக்கவில்லை. ஒவ்வொரு சுழியின் அருகிலும் அதன் காரணத்தைப் பென்சிலால் தானே எழுதிவிட்டு, காரணம் தெரியாத மூன்றை மட்டும் ஆசிரியையிடம் கொண்டு சென்றாள்.

அவளது ஏட்டைப் புரட்டிய ஆசிரியை ஓரிடத்தில் நின்றார். முதற் பத்தியில் பிழையான வாக்கியம் எதுவும் இல்லை. இரண்டாம் பத்தியில் ‘அன்லெஸ்’ என்னும் ஒற்றைச் சொல் இருந்தது. காரணம் எழுத வேண்டிய மூன்றாம் பத்தியில், ‘ஆத்தாவின் கால்’ என்று தமிழில் எழுதப்பட்டிருந்தது.