சிவப்பு விளக்குகள்

என் லாத்தாவின் மகன் அமெரிக்காவில் பொறியாளர். ஓய்வு நாட்களில் விமானம் ஓட்டக் கற்று உரிமமும் பெற்றிருக்கிறான். சென்ற ஆண்டு அவன் வீட்டில் தங்கியிருந்தபோது, "வாருங்கள் மாமா, ஒரு சுற்றுப் பறந்து வருவோம்" என்றழைத்தான். நால்வர் அமரும் செஸ்னா 172. பழைய அம்பாஸிடர் காருக்கு இறக்கை முளைத்தாற்போலிருந்தது. 'பிஸ்மில்லாஹ்' சொல்லி அவனருகே அமர்ந்தேன்.

ஏறியதும் பறந்ததும் பெரிதல்ல; இறங்கியதைத்தான் சொல்லவேண்டும்.

ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து வந்தோம். இறங்கவேண்டிய முனை இடப்பக்கம் நேராகத் தெரிந்ததும், எஞ்சினை நிமிடத்திற்கு 1500 சுற்று அளவிற்குக் குறைத்தான். இரைச்சல் தணிந்தது. இருமுறை இடப்புறம் திரும்பிப் பாதையை நேர்கொண்டோம். வேகம் 65 நாட். மணிக்கு 120 கிலோமீட்டர். பாதையோரம் வரிசையாக நான்கு விளக்குகள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு எனத் தெரிந்தால் உயரம் சரி. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மூன்று சிவந்தன; பிறகு நான்கும்! மரங்கள் நெருங்கி வந்தன.

"தம்பி, தாழ்கிறதே, தூக்கு!" என்று கூவிவிட்டேன்.

அவன் தூக்கவில்லை. வலக்கையால் எஞ்சின் விசையைச் சிறிது உள்ளே தள்ளினான். எஞ்சின் உறுமிற்று. உயர முயன்ற மூக்கை இடக்கையால் அடக்கிப் பிடித்தான். சற்றைக்கெல்லாம் வெள்ளை விளக்குகள் இரண்டும் திரும்பின. ஓடுபாதைக்கு மேல் வந்தபின்னரே விசையை முற்றாக இழுத்து, மூக்கை மெல்ல உயர்த்தினான். பின்சக்கரங்கள் முதலில் தரையைத் தொட்டன.

தரையில் நின்று விளக்கினான். எதிர்க்காற்று வலுத்ததால் தாழ்ந்ததாம். அந்நிலையில் எஞ்சினைக் கூட்டாமல் மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும். தாழ்வது இன்னும் கூடும். மேலும் தூக்கினால் காற்று இறக்கையை விட்டு விலக, விமானம் சரிந்துவிடும். அத்தனை தாழ்வில் மீட்க இடமில்லை. உயரத்திற்கு எஞ்சின், வேகத்திற்கு மூக்கு என்பது அவன் கற்ற பாடம். லாங்கவீஷே என்பார் 1944இல் எழுதிய நூலிலும் இதுவே விரிவாக உள்ளதாம். மாற்றிச் சொல்லும் ஆசிரியர்களும் உண்டென்றான். மத்ஹபுகளின் இக்திலாஃபைப் போதித்தே நரைத்தவனுக்கு இது வியப்பாயில்லை. இரு கைகளும் சேர்ந்தே இயங்கவேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனராம்.

காரில் திரும்புகையில் தயங்கிச் சொன்னான்: "நீங்கள் கூவியபோது, மாமா, என் இடக்கை ஒரு கணம் பின்னால் இழுக்கப் போயிற்று."

மறுவாரமும் அழைத்தான். போனேன். இறங்கி முடியும்வரை வாய் திறக்கவில்லை.