தம்பானையில் எடுத்த படம்

நயினாதீவுக்குப் போற சுற்றுலா பஸ்கள் அல்லைப்பிட்டியைத் தாண்டித்தான் போகும். சண்டை முடிந்த கையோடு சிலது இடிந்த வீடுகளுக்கு முன்னால் நின்றும் போனது. ஒருமுறை, படத்துக்குள்ள புது மோட்டர்சைக்கிள் தெரியுதாம் என்று எங்களில் ஒருத்தனைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். "என்னத்தைப் பார்க்க வருகினம்?" என்று கனநாள் ஏசித் திரிந்தோம்.

பிறகு நாங்களே வான் பிடித்து, மகியங்கனைக்குக் கிட்டவுள்ள தம்பானைக்குப் போனோம். வேடர் பார்க்க. "காட்டுக்குள்ள அலைஞ்சு திரிஞ்ச சனம், அழிய முதல் பார்த்திட வேணும்." இவ்வளவுதான் எங்கட காரணம். வாகரைப் பக்கம் தமிழ் பேசுகிற, மீன்பிடிக்கிற வேடர் இருக்கினம். அங்கே போக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர்கள் எங்களைப்போல இருப்பார்கள் அல்லவா?

தோளில் கோடரியோடு நின்ற பெரியவர் எங்கள் முன்கைகளைப் பிடித்து வரவேற்று, அம்பு எய்து காட்டினார். அவர்கள் வேட்டையாடின காடு 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாகிவிட்டது; உள்ளே வேட்டை தடை. ஆக, அந்த அம்பு எங்களுக்காக எய்ததுதான்.

பக்கத்தில் ஜீன்ஸ் போட்ட பெடியன் ஒருத்தன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லும், படத்துக்குள்ள வாறீர்" என்று கையைக் காட்டினோம். ஒன்றும் சொல்லாமல் விலகினான்.

திரும்பி வரேக்க வானில் அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை.